எந்த ஓங்கில் இது?

2016 ஜனவரி 11ஆம் தேதி, தூத்துக்குடி மாவட்டத்தின் ஆலந்தலை, கல்லாமொழி, மணப்பாடு கரைகளில் பைலட் திமிங்கலங்கள் கூட்டமாக ஒதுங்கத் தொடங்கின. மறுநாளுக்குள் எண்ணிக்கை எண்பதைத் தாண்டியது. மீனவர்களும் வனத்துறையினரும் கயிறு கட்டிப் படகில் இழுத்து, முடிந்தவற்றையெல்லாம் ஆழத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அப்படி விட்டும் பல விலங்குகள் கரைக்கே திரும்பி வந்தன. 45 இறந்தன. இதே கடற்கரையில் 1973 ஜனவரியிலும் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியிருந்தன.

பெயரில் திமிங்கலம் இருந்தாலும் இந்த விலங்கு ஓங்கில் (டால்பின்) குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலான ஓங்கில்களைப் போலவே இதற்கும் எடுப்பான முதுகுத்துடுப்பு உண்டு. அன்று ஆழத்தில் விடப்பட்டவையும் மறுபடி கரைக்கு வந்தவையும் ஒரே விலங்குகள்தானா? உயிரோடு போனவை அடுத்த ஆண்டு எங்கே இருந்தன? தாயும் குட்டியும் ஒன்றாகத்தான் போயினவா? எத்தனை ஒதுங்கின, எத்தனை இறந்தன என்ற எண்ணிக்கையைக் கொண்டு இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியே அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். அந்த அடையாளத்தை ஒரு புகைப்படத்திலிருந்து எப்படி எடுக்கிறார்கள், கணினி அதில் எந்த வேலையைச் செய்கிறது, மனிதர் எந்த வேலையைக் கைவிடக் கூடாது என்பதே இந்த அத்தியாயம்.

துடுப்பின் பின்னோரம்

ஓங்கில் மூச்சுவிட மேலே வரும்போது நமக்குத் தெரிவது ஓரிரு நொடிகள்தான். அந்த நேரத்தில் தண்ணீருக்கு மேல் தெளிவாக எழுந்து நிற்பது முதுகுத்துடுப்பு. அதில் எலும்பு கிடையாது. உறுதியான இணைப்புத் திசுவால் ஆனது. முன்னோரம் தடிப்பாக இருக்கும். பின்னோரம் மெலிந்து போகும். இன்னொரு ஓங்கிலின் கடி, சுறாவின் பல், வலை நூலின் அறுப்பு, படகின் விசிறி என எது பட்டாலும் முதலில் கிழிவது அந்த மெல்லிய பின்னோரம்தான். கிழிந்து போன திசு பழையபடி வளர்வதில்லை. வெட்டும் பள்ளமும் ஆயுளுக்கும் அப்படியே நிற்கின்றன. பலமுறை புரட்டப்பட்ட நோட்டுப்புத்தகத்தின் தாள் ஓரம்போல, வயதேற வயதேற அந்தப் பின்னோரம் தனக்கே உரிய வடிவத்தை அடைகிறது.

தோலில் தெரியும் கீறல்கள் எல்லாம் இப்படி நிலைப்பதில்லை. பல் உரசிய கோடுகள் பெரும்பாலும் மாதக் கணக்கில் மங்கிவிடும். ஆகவே ஆய்வாளர்கள் அடையாளங்களை இரண்டாகப் பிரிக்கிறார்கள். நீண்ட காலத்துக்கு நம்பத் தகுந்தவை துடுப்பின் வெட்டுகளும் உருவமும். ஒரே பருவத்துக்குள் ஒப்பிட உதவுபவை கீறல்களும் நிறத்திட்டுகளும். குட்டிகளின் துடுப்பு பெரும்பாலும் வெட்டு எதுவும் இல்லாமல் வழவழப்பாக இருக்கும். அவற்றைத் தாயின் அருகில் பார்த்துத்தான் அடையாளம் சொல்ல முடியும்.

இந்த முறை 1970களில் உருப்பெற்றது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையில் மைக்கேல் பிக் என்ற ஆய்வாளர், கொலைத் திமிங்கலங்களின் துடுப்பையும் அதன் பின்னால் உள்ள சாம்பல் நிறத் திட்டையும் படமெடுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். அர்ஜென்டினாவில் பெர்ன்ட் வூர்சிக், மெலனி வூர்சிக் இருவரும் புட்டிமூக்கு ஓங்கில்களின் கூட்டம் எப்படிச் சேர்கிறது, எப்படிப் பிரிகிறது என்பதைத் துடுப்புப் படங்களாலேயே காட்டி 1977இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் சரசோட்டா விரிகுடாவில் 1970இல் தொடங்கிய ஆய்வு இன்றும் நடக்கிறது. அங்கே நிக்லோ என்று பெயரிடப்பட்ட ஒரு பெண் ஓங்கில் 67 வயது வரை வாழ்ந்ததை உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஆண்டுக்கு ஆண்டு ஒரே விலங்கை அடையாளம் கண்டுகொண்டே வந்ததால்தான் அது முடிந்தது.

பார்த்ததிலிருந்து பார்க்காததற்கு

தனித்தனியாக அடையாளம் தெரிந்தால் மொத்த எண்ணிக்கையையும் கணிக்கலாம். கடலில் எத்தனை ஓங்கில் உண்டு என்று தலையெண்ணிச் சொல்ல இயலாது. ஒன்றே பத்து முறை மேலே வரலாம். பத்து நீருக்குள்ளேயே இருந்துவிடலாம். இதற்கு ஒரு பழைய வழி உண்டு. டென்மார்க்கின் மீனியலாளர் பீட்டர்சன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீன்களுக்குக் குறியிட்டு விட்டு, மறுபடி பிடித்துப் பார்த்து உருவாக்கிய வழி அது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் சுற்றில் அடையாளமுள்ள 40 துடுப்புகளைப் படமெடுக்கிறோம். சில வாரம் கழித்து இரண்டாம் சுற்றில் 50 துடுப்புகள் கிடைக்கின்றன. அவற்றில் 20 ஏற்கெனவே பதிவேட்டில் உள்ளவை. இரண்டாம் சுற்றில் கண்டவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு பழையவை என்றால், முதலில் நாம் பதிந்த 40உம் அந்த மொத்தக் கூட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்காக இருக்க வேண்டும். ஆக மொத்தம் 100. இது அடையாளமுள்ள துடுப்புகளின் எண்ணிக்கை மட்டுமே. எடுத்த நல்ல படங்களில் பத்துக்கு எட்டில்தான் அடையாளம் தெரிகிறது என்றால், வழவழப்பான துடுப்புகளையும் சேர்த்துக் கூட்டத்தின் அளவு 125.

கடலில் நடக்கும் ஆய்வு இதைவிடச் சிக்கலானது. இரண்டு சுற்றுக்கும் இடையே குட்டி பிறக்கும், சில இறக்கும், சில வேறு கடலுக்குப் போகும். அதற்கேற்ற கணித முறைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடித்தளம் ஒன்றுதான்: ‘இதை நாம் முன்பே பார்த்திருக்கிறோம்’ என்று சரியாகச் சொல்வது.

அது தவறினால் என்ன ஆகும்? மேலே சொன்ன கணக்கில் 20 பழைய துடுப்புகளில் நான்கை அடையாளம் காணத் தவறி, 16 மட்டுமே பழையவை என்று எழுதிவிட்டால், 100 என்பது 125 ஆகிவிடும். இல்லாத 25 ஓங்கில்கள் தாளில் பிறந்துவிடும். அருகிவரும் ஒரு விலங்குக்கு இதைவிட ஆபத்தான பிழை வேறில்லை. ‘நிறையத்தானே இருக்கிறது’ என்ற நிம்மதி அதன்மேல் கட்டப்படும். மாறாக, வேறு வேறு ஓங்கில்களை ஒன்றென்று எண்ணி 25 பழையவை என்று எழுதினால் மொத்தம் 80ஆகச் சுருங்கும்.

சிலிகாவின் சிறிய துடுப்பு

இந்தியாவில் இந்த முறையைப் பொறுமையோடு நடத்திக் காட்டிய இடம் ஒடிசாவின் சிலிகா ஏரி. அங்கே வாழ்வது ஐராவதி ஓங்கில். இந்த இனத்தை அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய மாதிரி விலங்கு 1852இல் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் கிடைத்தது. மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி வால்டர் எலியட் அனுப்பிய அந்த மாதிரியை வைத்து 1866இல் ரிச்சர்ட் ஓவன் இதை விவரித்தார். உலகம் ‘ஐராவதி’ என்று பர்மாவின் ஆற்றுப் பெயரால் அழைக்கும் இந்த ஓங்கில், முதலில் பதிவானது அன்றைய மதராஸ் மாகாணத்தின் கடற்கரையில்.

படமெடுப்பவருக்கு இது கடினமான விலங்கு. துடுப்பு சிறியது, மழுங்கலானது, முதுகின் நடுவைத் தாண்டிப் பின்னால் அமைந்தது. படகின் முன்னலையில் சவாரி செய்ய வராது. ஓசையில்லாமல் எழுந்து அமிழ்ந்துவிடும். இந்தச் சிறு துடுப்புகளை வைத்தே கடல் பாலூட்டி ஆய்வாளர் தீபானி சுதாரியா, ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் ஹெலன் மார்ஷோடு இணைந்து, சிலிகா ஓங்கில்களின் எண்ணிக்கையைக் கணித்தார். அந்த ஆய்வுக் கட்டுரை 2011இல் வெளியானது. அண்மை ஆண்டுகளில் ஒடிசா அரசு நடத்தும் கணக்கெடுப்பில் சிலிகாவில் கிடைக்கும் எண்ணிக்கை 150ஐ ஒட்டியே இருக்கிறது.

150 என்பது எவ்வளவு சிறிய எண் என்பதை ஓங்கிலின் இனப்பெருக்கத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு பெண் ஓங்கில் ஒரு வருடத்துக்கும் மேல் சூல் சுமந்து, ஒரே ஒரு குட்டி ஈன்று, அதைப் பாலூட்டி வளர்த்து, பிறகே அடுத்த குட்டிக்குத் தயாராகும். வலையில் சிக்கியோ படகு விசிறியில் அடிபட்டோ ஆண்டுக்கு இரண்டு மூன்று பெண் ஓங்கில்கள் கூடுதலாக இறந்தாலே கூட்டம் சுருங்கத் தொடங்கிவிடக்கூடும். இறந்தது யார், அதற்குக் குட்டி இருந்ததா, அது ஏரியின் எந்தப் பகுதியில் திரிந்தது என்பது தெரிந்தால் எந்த வழியில் சுற்றுலாப் படகின் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று துல்லியமாகச் சொல்லலாம்.

எல்லா ஓங்கிலுக்கும் இந்த முறை பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் தேசிய நீர்வாழ் விலங்கான கங்கை ஓங்கிலுக்கு எடுப்பான துடுப்பே இல்லை. முதுகில் ஒரு தாழ்ந்த மேடுதான். கலங்கல் நீரில் கண நேரம் தெரிந்து மறையும். 2025 மார்ச்சில் இந்திய நதிகளில் 6,327 ஓங்கில்கள் என்று அறிவித்த கணக்கெடுப்பு, படகிலிருந்து கண்ணால் பார்த்தும் நீருக்கடியில் ஒலியைக் கேட்டும் செய்யப்பட்டது.

மென்பொருள் செய்வது என்ன?

பதிவேட்டில் 50 துடுப்புகள் இருக்கும்வரை ஒருவரே மனப்பாடமாக வைத்திருக்கலாம். 500 ஆனால் ஒவ்வொரு புதுப் படத்தையும் 500 பழைய படங்களோடு ஒப்பிட வேண்டும். ஒரு நாள் கடலுக்குப் போனால் ஆயிரம் படங்களோடு கரையேறுவது சாதாரணம். கண் களைக்கும். களைத்த கண்தான் பழைய துடுப்பைப் புதியது என்று எழுதும்.

இந்தச் சிக்கலை நம் நாடு வேறொரு துறையில் முன்பே தீர்த்திருக்கிறது. 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பணியகம் தொடங்கியபோது, அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு காவல்துறை அதிகாரிகள் ரேகைகளை 1,024 பிரிவுகளாக வகைப்படுத்தும் கணிதத்தை உருவாக்கினார்கள். முழுக் குவியலையும் புரட்டாமல் ஒரு சிறு கட்டை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும் என்றானது. ஓங்கில் ஆய்வாளர்களும் வெட்டு துடுப்பின் மேல்பகுதியில் உள்ளதா, நடுவிலா, அடியிலா என்று கோப்பு பிரித்தார்கள். மென்பொருள் இந்த வரிசைப்படுத்தலை மேலும் நுட்பமாகச் செய்கிறது.

1990களில் ஃபுளோரிடாவின் எக்கர்ட் கல்லூரியில் உருவான டார்வின் என்ற மென்பொருள் துடுப்பின் வெளிக்கோட்டை எடுத்துக்கொண்டது. படகு நின்ற கோணத்தால் துடுப்பு சாய்ந்தோ சுருங்கியோ தெரிந்தால் அதைக் கணக்கிட்டு நேராக்கி, இரண்டு கோடுகளை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, எவ்வளவு விலகுகின்றன என்று அளந்தது. அடுத்து வந்த முறைகளில் ஒன்று, பின்னோரம் நெடுக ஒரு சிறு வட்டத்தை நகர்த்திக்கொண்டே போய், ஒவ்வொரு புள்ளியிலும் வட்டத்தின் எவ்வளவு பங்கு துடுப்புக்குள் விழுகிறது என்று குறித்தது. நேரான ஓரத்தில் அது பாதியளவில் இருக்கும். பள்ளம் வரும் இடத்தில் கூடும். முனை துருத்தும் இடத்தில் குறையும். இப்படி ஒரு துடுப்பு எண்களின் வரிசையாகிறது.

வேறு விலங்குகளிடமிருந்தும் பாடம் வந்தது. திமிங்கலச் சுறாவின் உடற்புள்ளிகளை அடையாளம் காண, விண்மீன் படங்களை ஒப்பிட வானியலாளர்கள் வைத்திருந்த கணக்கு முறையைப் பயன்படுத்தி 2005இல் வழி கண்டார்கள்.

இப்போதைய மென்பொருள் ஆழ்கற்றல் வழியில் செல்கிறது. எந்த வெட்டைப் பார், எந்த வளைவை அள என்று யாரும் அதற்குச் சொல்வதில்லை. ஒரே ஓங்கிலின் பல படங்களையும் வேறு ஓங்கில்களின் படங்களையும் ஆயிரக்கணக்கில் காட்டுகிறார்கள். ஒவ்வொரு படத்தையும் அது ஓர் எண் தொகுப்பாக மாற்றுகிறது. ஒரே விலங்கின் படங்கள் அந்த எண்வெளியில் அருகருகே விழவும், வேறு விலங்குகளின் படங்கள் தள்ளி விழவும் தன்னைத் திருத்திக்கொண்டே போகிறது. ஹேப்பிவேல் என்ற அமைப்பு திரட்டிய படங்களை வைத்து 2022இல் உலகளாவிய நிரல் போட்டி ஒன்று நடந்தது. அதன் விளைவு 2023இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது: 24 இனங்கள், 15,000க்கும் மேற்பட்ட தனி விலங்குகள், 50,000க்கும் மேற்பட்ட படங்கள். அத்தனைக்கும் ஒரே மென்பொருள்.

மென்பொருள் கொடுப்பது தீர்ப்பு அன்று. ஒரு வரிசைப் பட்டியல். ‘இந்தப் படத்துக்கு மிக நெருக்கமானவை இவை’ என்று சிலவற்றைக் காட்டும். ஒத்துப்போகிறதா என்று இருவர் தனித்தனியே பார்த்து உறுதி செய்ய வேண்டும். பட்டியலில் எதுவும் ஒத்துவரவில்லையென்றால்தான் அது புது விலங்கு. ஒன்றைப் புதியது என்று அறிவிப்பதே இதில் மிகக் கனமான முடிவு.

கணினி ஏமாறும் இடங்கள்

ஆழ்கற்றல் மென்பொருள் நாம் நினைத்ததைத்தான் கற்றது என்று எப்போதும் நம்பிவிடக் கூடாது. ஒரே நாளில், ஒரே கூட்டத்தில், அடுத்தடுத்து எடுத்த படங்களில் நீரின் நிறமும் வெயிலின் சாய்வும் ஒன்றாகவே இருக்கும். துடுப்பை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தே ‘இரண்டும் ஒன்று’ என்று சொல்ல அது பழகிவிடலாம். ஆகவே சோதிக்கும்போது, பயிற்சிக்குக் கொடுத்த நாளின் படங்களைக் கொடுக்காமல் வேறு நாளில் எடுத்த படங்களைக் கொடுக்க வேண்டும்.

மங்கலான படங்களும் சிக்கல்தான். நல்ல படத்துக்குத் துடுப்பு படகுக்குப் பக்கவாட்டில், நேர்கோணத்தில் இருக்க வேண்டும். ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் மூட வேண்டும். தரம் குறைந்த படத்தை ஒதுக்க மனம் வராது. அதில் ஓர் அபூர்வக் காட்சி இருக்கலாம். ஆனாலும் ஒதுக்கத்தான் வேண்டும். அதேபோல, அடையாளம் பளிச்சென்று தெரியும் ஓங்கிலை மட்டும் துரத்தித் துரத்திப் படமெடுத்தால் கணக்கே கோணிவிடும். வழவழப்பான துடுப்பையும் அதே அளவு படமெடுக்க வேண்டும்.

துடுப்பும் மாறும். நேற்றிருந்த சிறு வெட்டை இன்று ஒரு பெரிய காயம் விழுங்கிவிடலாம். இடையில் எடுத்த படங்கள் இருந்தால் மாற்றத்தைத் தொடர்ந்து பின்பற்றலாம். ஐந்தாறு ஆண்டு இடைவெளி விழுந்துவிட்டால் அதே ஓங்கில் புதிய ஓங்கிலாகப் பதிவாகும். விட்டுவிட்டுச் செய்யும் ஆய்வை எந்த மென்பொருளும் காப்பாற்ற முடியாது.

புலிக்குச் செய்தோம்

இந்தியாவுக்கு இது புதிய வேலை இல்லை. 1990களில் நாகர்ஹொளேயில் உல்லாஸ் கரந்த், தானியங்கிக் கேமராக்களில் விழுந்த புலிகளின் கோடுகளை வைத்து இதே பிடி–மறுபிடிக் கணக்கைச் செய்தார். லெக்ஸ் ஹைபி என்ற ஆய்வாளர் உருவாக்கிய கோடு ஒப்பிடும் மென்பொருள் பின்னர் தேசியக் கணக்கெடுப்பில் இடம்பிடித்தது. அவருடைய பணி சாம்பல் நிறக் கடல்நாய்களின் உடல் திட்டுகளை ஒப்பிடுவதில் தொடங்கியது. கடலிலிருந்து காட்டுக்கு வந்த அறிவு இது. 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து, 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. அவற்றில் 76,651 படங்களில் புலி. அதிலிருந்து தனித்தனியே அடையாளம் கண்ட புலிகள் 2,461. முதுமலையின் புலியும் முண்டந்துறையின் புலியும் இன்று ஒரு தேசியப் பதிவேட்டில் இருக்கின்றன. கடலில் இருக்கும் விலங்குக்கும் அந்தத் தகுதி உண்டு.

நம் கரைக்கு ஒரு பதிவேடு

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கூன்முதுகு ஓங்கில், இந்தோ–பசிபிக் புட்டிமூக்கு ஓங்கில், சுழல் ஓங்கில் ஆகியவை திரிகின்றன. கூன்முதுகு ஓங்கில் கரையை ஒட்டியே வாழ்வது. மீனவரின் வலையும் அதன் இரைதேடும் இடமும் ஒன்றே. அதன் துடுப்பில் அடையாளங்கள் நன்றாகப் பதியும். மேற்குக் கரையில் சிந்துதுர்க்கம் பகுதியில் கொங்கண் செட்டேசியன் ஆய்வுக்குழு இந்த இனத்தைப் படமெடுத்துப் பின்தொடர்ந்திருக்கிறது. இலங்கைக் கடலில் படமெடுத்த கொலைத் திமிங்கலங்கள், அபுதாபி அருகே எடுத்த படங்களோடு ஒத்துப்போயிருக்கின்றன. பாரசீக வளைகுடாவுக்கும் இலங்கைக்கும் இடையே ஒரே விலங்கு பயணம் செய்கிறது என்பது, இரு நாட்டுப் பதிவேடுகள் பேசிக்கொண்டதால் தெரியவந்த உண்மை. நடுவில் இருக்கும் தமிழகக் கரைக்கும் அப்படியொரு பதிவேடு வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

அதில் பொருளாதாரக் காரணமும் இருக்கிறது. கடல் பாலூட்டிகள் வலையில் சிக்கி இறப்பதைக் கட்டுப்படுத்தாத நாடுகளின் மீனை வாங்குவதில்லை என்று அமெரிக்கா 2016இல் ஒரு விதி கொண்டுவந்தது. எத்தனை ஓங்கில் இருக்கிறது, எத்தனை சிக்குகிறது என்று ஆதாரத்தோடு சொல்லத் தெரியாத நாடு தன் ஏற்றுமதியைக் காத்துக்கொள்ள முடியாது. ராமேஸ்வரத்திலும் தூத்துக்குடியிலும் கடலுக்குப் போகிறவரின் வருமானமும் துடுப்புகளின் கணக்கோடு இணைந்துவிட்டது.

படமெடுக்கப் படகு கடலில் இருக்க வேண்டும். படத்தை ஒப்பிடும் கண் எங்கிருந்தாலும் போதும். எடுத்துக்காட்டாக, சென்னைக்கு மேற்கே, கடற்கரையிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது குத்தம்பாக்கம். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று இந்த வட்டாரம் முழுக்கப் பொறியியல் கல்லூரிகள். ஆழ்கற்றல் படிக்கும் மாணவர்கள் செயல்திட்டத்துக்காகத் திரும்பத் திரும்பப் பூனைக்கும் நாய்க்கும் வித்தியாசம் காட்டும் நிரலை எழுதுகிறார்கள். அதே உழைப்பில் ஓர் அணி துடுப்பை நீரிலிருந்து பிரித்தெடுக்கலாம். இன்னோர் அணி மங்கலான படங்களை ஒதுக்கலாம். மற்றோர் அணி மென்பொருள் தரும் பட்டியலைச் சரிபார்க்கலாம்.

கடலில் இருக்கும் கைப்பேசிகளும் பயன்படும். ஆனால் சில நெறிகள் வேண்டும். ஓங்கில்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. படத்துக்காகத் துரத்துவது கூடாது. தானாக அருகே வந்ததைப் பக்கவாட்டில் எடுத்து, தேதி, நேரம், இடம், இடப்பக்கமா வலப்பக்கமா என்ற குறிப்போடு அனுப்பினால் போதும். வலையில் சிக்கி இறந்த ஓங்கிலைப் படமெடுத்து அனுப்பும் மீனவர்மேல் வழக்கு வரும் என்ற பயம் இருந்தால் அந்தப் படம் வரவே வராது. உண்மையைச் சொல்பவருக்குத் தீங்கு வராது என்ற உறுதியை அரசு எழுத்தில் தர வேண்டும். பதிவேட்டின் மதிப்பே அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, கேமரா விலை குறைந்துவிட்டது, கணிதம் நூறாண்டுப் பழையது. இவற்றில் எதற்கும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வாங்க முடியாத ஒன்று காலம் மட்டும்தான். ஓர் ஓங்கிலின் முப்பது ஆண்டு வாழ்க்கையை அறிய முப்பது ஆண்டு படம் வேண்டும். தொடங்காமல் விட்ட ஓராண்டைப் பிறகு யாராலும் நிரப்பித் தர முடியாது. பத்துத் துடுப்புகளோடு தொடங்கினாலும் சரி, பதிவேட்டை இந்த ஆண்டே தொடங்க வேண்டும். அதைத் தொடங்குகிறவர் ஓய்வுபெறும் நாளில் யார் கையில் ஒப்படைப்பது என்பதையும் அன்றே முடிவு செய்ய வேண்டும்.